போனவர் திரும்பி வந்தால்

"அக்கா, போனா திரும்பி வர முடியுமா?" இதைத்தான் கேட்டான். எங்கள் வங்கியின் கடன் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்த்த தம்பி. அரசாங்க அமைப்பு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, சம்பளம் குறைவு. நான் சட்டென்று சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் டோனி டான் பெயரைச் சொன்னேன்.

வங்கியில் இருப்பவர்களுக்கு அவரைவிட்டால் வேறு யாரைக் காட்டுவது? 1969இல் ஓசிபிசி வங்கியில் சேர்ந்து பொது மேலாளர் வரை வந்தவர். 1979இல் செம்பவாங் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். கல்வி, வர்த்தகம், நிதி என்று அமைச்சுகளைப் பார்த்துவிட்டு 1991 கடைசியில் விலகி, அதே வங்கிக்குத் தலைவராகத் திரும்பினார். பிறகு துணைப் பிரதமர்களான ஓங் டெங் சியோங், லீ சியன் லூங் இருவருக்கும் புற்றுநோய் என்று தெரியவர, பிரதமர் கோ சோக் டோங் அவரை மறுபடி கூப்பிட்டார். 1995இல் துணைப் பிரதமர், தற்காப்பு அமைச்சர். அப்புறம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி. 2011இல் அதிபர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்: "அவரு தலைவரா வந்தாருக்கா. நான் வந்தா எந்த நாற்காலி?"

"நாற்காலி கிடக்கட்டும், நீ முதல்ல போ" என்றேன். போனான்.

ஒப்பந்தம் முடிந்து அவன் திரும்பவும் எங்களிடமே விண்ணப்பித்தபோது, ஒரு படி கீழேதான் எடுத்தார்கள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. கடன் பிரிவை விட்டுப்போன காலம் அனுபவக் கணக்கில் சேராது என்பது விதி; நான் போட்ட விதி இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வேலையும் அவனுக்குக் கிடைத்திருக்காது.

உறுத்துவது வேறு. அவன் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்த இரண்டு விஷயங்களை நான் சொல்லவில்லை. டோனி டான் சேர்ந்த காலத்தில் ஓசிபிசியின் தலைவராக இருந்த டான் சின் துவான் அவருக்கு நெருங்கிய சொந்தம். வங்கிக்குத் திரும்பிய ஆண்டுகளிலும் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அதாவது இங்கிருந்து போனபோது இந்தக் கயிறு கையில் இருந்தது, அங்கிருந்து வந்தபோது அந்தக் கயிறு. தம்பியின் கையில் என்ன இருந்தது?

அதற்காக, சொந்தத்தால் மட்டும் வந்தவர் என்றும் சொல்ல முடியாது. அடிலெய்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதிபர் தேர்தலில் 35 விழுக்காடு வாங்கி, மறு எண்ணிக்கைக்குப் பிறகு எதிர்த்து நின்ற டான் செங் போக்கை வெறும் 7,382 வாக்குகளில்தான் தாண்டினார். அங்கே யார் சொந்தம் வந்து ஓட்டுப் போட்டது? இப்படி எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். ஆனால் தம்பி கேட்டது டோனி டானின் திறமையைப் பற்றி இல்லையே.

இப்போது என் பிரிவிலேயே இன்னொரு பெண் அதே மாதிரி யோசனையில் இருக்கிறாள். கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னால் அவள் கிளம்புவாளா? கிளம்பாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லதா என்றும் எனக்குத் தெரியவில்லை.