ஒரே எழுத்து, இரண்டு பெயர்

சிங்கப்பூரில் சம்பளப் பிரிவில் சேர்ந்த முதல் மாதமே சொதப்பினேன். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்று தெரியாமல், கடைசிச் சொல்லைப் போட்டு ஒரு கட்டுக் கடிதங்களை அச்சடித்துவிட்டேன். யாரும் கோபப்படவில்லை. பக்கத்து மேசைக்காரர் மட்டும் தன் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, "என் மனைவிகூட இப்படிக் கூப்பிட்டதில்லை" என்றார்.

அப்புறம் அவர்தான் பாடம் எடுத்தார். அவர் குடும்பப் பெயர் டான். அது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியின் உச்சரிப்பு. அதே சீன எழுத்து, பொதுச் சீன மொழியான மாண்டரினில் சென், இன்னொரு வட்டார மொழியான கண்டனீஸில் சான். அவர் மகன் பெயரிலோ டானை அடுத்து வரும் இரண்டு அசையும் மாண்டரின். 1979இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, ஹொக்கியனும் டியோச்சுவும் ஹக்காவும் பேசிய வீடுகள் மெல்ல மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறின. பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே இவர்தான் மொழிபெயர்ப்பாளர். பாட்டி கதையை முடிப்பதற்குள் பையன் எழுந்து போய்விடுவானாம். (என் வீட்டுக் கதையும் உண்டு. அது இங்கே வேண்டாம்.)

பிறகு சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து ஒருவர் வேலைக்கு வந்தார். பெயர் சென். இருவரும் காகிதத்தில் எழுதிப் பார்த்தார்கள், ஒரே எழுத்து. வந்தவருக்கு ஒரே குஷி. "நாமெல்லாம் ஜோங்குவோரென்தானே!" என்றார். டானின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "நான் ஹுவாரென்" என்றார். முதல் சொல் சீன நாட்டவரைக் குறிக்கும், இரண்டாவது சீன வம்சாவளியை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு முறைப்பா என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நான்கு தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழரிடம், "இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று நான் கேட்டபோது.

அடுத்த சீனப் புத்தாண்டுக்கு டான் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். ஆளுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு போனோம். சென் சொந்த ஊரில் ஹொக்கியன் பேசி வளர்ந்தவர் என்பது அங்கேதான் தெரிந்தது. டானின் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பேச்சு, சிரிப்பு. டானுக்கே பாதிதான் புரிந்ததாம். அவர் கொஞ்சம் ஒதுங்கி நின்றது போலத்தான் எனக்குப் பட்டது.

நடுவில் அம்மா சொன்ன ஒரு சொல்லில் சென் திகைத்து நின்றுவிட்டார். 'மாத்தா'. மலாயில் கண் என்று பொருள், இங்குள்ள ஹொக்கியனில் போலீஸ்காரர். அப்புறம் சந்தைக்கு ஒரு சொல், பிடிக்கும் என்பதற்கு ஒரு சொல், எல்லாம் மலாயிலிருந்து வந்தவை. சென் விழித்துக்கொண்டே இருந்தார். டான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.