பெயர்ப்பட்டியலுக்கு வெளியே

நிலைத்த மேம்பாட்டுத் திட்டங்களை மதிப்பிடக் கற்கும் இளம் ஆய்வாளர்களுக்கு நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில் பயிற்சி கொடுக்கிறேன். 2007க்கு முன் இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர்; பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 1917இல் பாமாயில் தரும் செம்பனைக்கு நாட்டின் முதல் வணிகத் தோட்டம் இந்த வட்டாரத்துத் தென்னமரத்தில்தான் தொடங்கியது. ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி எழும்பியது. ஒவ்வொரு முறையும் சில குடும்பங்கள் மூட்டை கட்டின. இப்படிப்பட்ட ஊரில் ஒரு திட்டம் நன்றாக நடந்ததா என்று கேட்டால், யாரைக் கேட்காமல் விட்டோம் என்பதைப் பார்த்துத்தான் பதிலை நம்ப முடியும்.

பிள்ளைகள் பட்டம் முடித்த கையோடு வருகிறார்கள். 2015இல் ஐநா ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த மேம்பாட்டு இலக்குகளும் அவர்களுக்கு மனப்பாடம். பொருத்தம், ஒத்திசைவு, பயன்விளைவு, சிக்கனம், தாக்கம், நிலைத்தன்மை என்ற ஆறு மதிப்பீட்டு அளவுகோல்களையும் படித்திருப்பார்கள். அவற்றை வேகமாக முடித்துவிடுவேன்.

நான் நேரம் எடுத்துக்கொள்வது வறுமைக் கோட்டுக்கு. 2016இல் மலேசியாவின் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். அப்போது கோடு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்). 2019 ஆகஸ்டில் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கோடு மிகத் தாழ்வு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். 2020இல் அரசு கணக்கிடும் முறையை மாற்றியது. கோடு 2,208 வெள்ளி ஆனது. புதிய முறையில் அதே 2016க்குக் கணக்குப் போட்டால் 7.6 விழுக்காடு வருகிறது. ஆண்டு மாறவில்லை, குடும்பங்கள் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. ஒருமுறை பயிற்சிக்கு வந்த பெண் தன் வீட்டு வருமானத்தைத் தாளில் கூட்டிப் பார்த்தாள். பழைய கோட்டுக்கு மேலே, புதிய கோட்டுக்குக் கீழே. அதன் பிறகு அந்த வகுப்பில் எண்களை யாரும் சும்மா எழுதிக்கொண்டு போகவில்லை.

அப்புறம் களம். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் இலக்கின் குறியீட்டில் பாதுகாப்பான குடிநீர் என்றால், குழாய் வீட்டு வளாகத்தில் இருக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் தண்ணீர் வர வேண்டும், அசுத்தமும் இருக்கக்கூடாது. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடு ஒன்றில் என்னோடு வந்த பையன், "அக்கா, வீட்டுல பைப் தண்ணி வருதா?" என்று கேட்டான். "வருது தம்பி" என்றார் அவர். கட்டத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். அவனை அடுப்படியின் பின்வாசலுக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் சேர்க்கும் மூன்று நீலத் தோங் (பீப்பாய்). இரண்டின் மூடிமேல் செங்கல், மூன்றாவதில் குவளை மிதந்தது.

"இது எதுக்குக்கா?"

"தண்ணி நின்னுட்டா? அவரு விடியக்காத்தால வேலைக்குப் போகணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

எத்தனை நாளைக்கு ஒருமுறை நிற்கிறது, திரும்ப வரும்போது என்ன நிறம், தோங் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று அவனே அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டான். சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து அவை மூடப்பட்டபோது கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கே தவித்தது, நாடெல்லாம் பேசியது. லயத்துக் குழாய் நின்றால் அந்த வீட்டுக்காரர் மட்டும்தான் பேசுவார். அதைக் கேட்கத்தானே நாம் போகிறோம்?

இன்னொரு குழு இளைஞர் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றை மதிப்பிட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடித்து வேலையிலும் இருந்தார்கள். அறிக்கை அழகாக வந்திருந்தது. ஆனால் பதிவுப் படிவத்தில் குடிமக்களின் அடையாள அட்டையான மைகாட்டின் எண் கட்டாயம். சரி, மைகாட் இல்லாதவர்கள் யாராவது சேர வந்தார்களா என்று விசாரிக்கச் சொன்னேன். கோயில் தலைவர் ஒரு வீட்டைக் காட்டினார். பாட்டி தோட்டத்திலேயே பிறந்தவர், வைத்திருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை. பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, குடியுரிமை இல்லை. பயிற்சி நடந்த மண்டபத்துக்கு எதிர்ப் பட்டறையில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். 2030க்குள் எல்லோருக்கும் சட்டபூர்வ அடையாளம் என்பது 16ஆம் இலக்கில் இருக்கிறது. தொழிற்பயிற்சியை மதிப்பிடுகிறவர்கள் கல்வி, வேலை என்று 4ஐயும் 8ஐயும் மட்டும் பிரித்துவைத்துப் படிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு 16 கிடைக்காமல் 4ம் இல்லை, 8ம் இல்லை.

இன்று செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் கதையும் இதுதான். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். நாட்டின் வறுமைக் கணக்கு குடிமக்கள் குடும்பங்களோடு நின்றுவிடுகிறது. அந்தத் தொழிலாளர்களில் ஒருவரிடமும் பேசாமல் தோட்ட வேலை நிலைமை பற்றி எழுதிவந்த அறிக்கையை நான் வாங்குவதே இல்லை.

அறிக்கையை முடிக்குமுன் ஊர்க்காரர்கள் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பதிலும் கறாராக இருக்கிறேன். கோயில் மண்டபத்தில் அப்படிப் படித்தபோது, ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் எழுந்து, "நீங்க போன வீடெல்லாம் ரோட்டோரம்தானே தம்பி? உள்ள வாய்க்கால் பக்கம் யாருமே வரலையே" என்றார். பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வாய்க்கால் பக்கம் போனார்கள். அறிக்கையின் மூன்று முடிவுகளில் ஒன்றை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

நிதி கொடுப்பவர்கள் திட்டம் முடிந்த மாதத்திலேயே மதிப்பீட்டைக் கேட்கிறார்கள். நிலைத்தன்மையை அந்த மாதத்தில் எப்படி அளப்பது? இரண்டு வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பிப் போகவும், இடம் மாறிப்போனவர்களைக் கிள்ளானிலோ ரவாங்கிலோ தேடிப் பிடிக்கவும் பணம் ஒதுக்காவிட்டால் வேலையை எடுக்க மாட்டோம் என்று இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டவர்களின் முதல் திட்டத்துக்குத் திரும்பிப் போகும் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.