செட்டிநாட்டில் கிளீனிங் தொழில்: அழுக்கைவிடக் கையெழுத்துதான் பெரும்பாடு

உதயம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு சுலபம். ஆதார், அதோடு இணைந்த செல்போன், பான் கார்டு இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முடியும். கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளமென்றால் அது அரசுத் தளமில்லை, மூடிவிடுங்கள். விண்ணப்பத்தில் கேட்கிற தொழில் குறியீடு, கட்டடச் சுத்தத்துக்கு 81210. சுலபமான பகுதி இத்தோடு சரி.

அடுத்தது ஜிஎஸ்டி பதிவுக்கான முகவரிச் சான்று. பூர்வீக வீட்டில் நம் பங்குக்கு வந்த அறையிலேயே ஆபீஸ் போட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கரண்ட் பில் பாட்டனார் பெயரில் இருக்கும், வீட்டு வரி ரசீதும் அப்படியே. எங்கள் ஜிஎஸ்டி விண்ணப்பத்துக்கு வந்த கேள்வி: இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே? உரிமையாளரோ முகப்பில் மாலை போட்ட படமாக இருக்கிறார். பதில் ஏற்ற ஏழு வேலை நாள்தான் அவகாசம். அதற்குள் வாரிசுச் சான்று எடுத்து, சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பங்காளிகளிடம் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? விண்ணப்பம் தள்ளுபடி.

சொந்த இடம்தான் வேண்டும் என்ற வீம்பை விட்டுவிட்டு, காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு சின்ன அறை வாடகைக்குப் பிடித்த பிறகே வேலை நகர்ந்தது. வாடகை ஒப்பந்தம், கடைச் சொந்தக்காரர் பெயரில் உள்ள கரண்ட் பில், அவருடைய சம்மதக் கடிதம் ஆகிய மூன்றிலும் இனிஷியலும் கதவு எண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அதற்கு முன்னால், ஜிஎஸ்டி இப்போதே தேவையா என்றும் யோசியுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகக் கட்டாயமில்லை. இ-சேவைப் பக்கம் போனால் "எடுத்து வச்சுக்கங்கண்ணே" என்பார்கள். எடுத்துவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் 18 சதவீதம் ஏறும். வீட்டுக்காரருக்கு அது திரும்பி வராத காசு, பேரம் அங்கேயே முறியும். வேலையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தண்டம். கானாடுகாத்தான் பக்கத்து ஹெரிடேஜ் ஹோட்டல் மாதிரி ஜிஎஸ்டி பில் கேட்கிற வாடிக்கையாளர் கையில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே எடுப்பதில் அர்த்தமுண்டு.

வங்கி கவுன்டரில், ஜிஎஸ்டி இல்லாமல் நடப்புக் கணக்கு கிடையாது என்று சாதித்தார் ஒருவர். அது சரியில்லை. தொழில் பெயரிலுள்ள உதயம் சான்றும் ஏற்கத்தக்க ஆவணம்தான். மேனேஜரைப் பார்த்ததும் முடிந்துவிட்டது.

வேலை வரத் தொடங்கினால் கையெழுத்துப் பிரச்சினை வேறு உருவில் வரும். முன்னோருக்குக் கும்பிடுகிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்க வேண்டுமென்று சாவி வைத்திருக்கிற அண்ணன் கூப்பிடுவார். முகப்பிலிருந்து உள்ளே அடுத்தடுத்து வரும் பகுதிகளான இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு வரை ஆள் இறக்கிச் சுத்தம் செய்து பில் அனுப்பினால், மற்றப் பங்காளிகள் "நாங்க சொல்லலையே" என்பார்கள். எந்தக் கட்டுவரை வேலை, யார் எவ்வளவு தருவது என்று எழுதி, எல்லோரிடமும் வாட்ஸ்அப்பில் "சரி" வாங்காமல் தொடப்பம் எடுக்காதீர்கள். பாதிப் பணம் முன்பணம். மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் இரண்டும் இருக்காது. தண்ணீர் லாரிச் செலவு யார் தலையில் என்பதும் அந்த எழுத்திலேயே இருக்கட்டும்.

துணி தரையில் படுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஒரு வீட்டில் முன்பு யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவிய தரைக்கு எங்களிடம் நஷ்டஈடு கேட்டார்கள்; தேதியோடு இருந்த படம்தான் காப்பாற்றியது. ஆத்தங்குடிக் கல் சுடாத சிமென்ட் கல். நிறம் மேலடுக்கில் மட்டும்தான். பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விழுந்தால் நுரைத்து அடங்கும். துடைத்துப் பார்த்தால் பூவின் சிவப்பு வெளுத்து, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். பழைய பளபளப்பு சுலபத்தில் திரும்பாது. இத்தாலியப் பளிங்குக்கு எலுமிச்சைச் சாறுகூட ஆகாது. இரண்டுக்கும் மிதமான சோப்புத் தண்ணீர், பிழிந்த துணி போதும். ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும், நன்றாகக் காய்ந்தபின் துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய். கூடினால் வழுக்கும், தூசியும் ஒட்டும்.

சுண்ணாம்புச் சுவரில் ஜெட் பம்ப் அடிக்கவே கூடாது, பூச்சு பெயர்ந்து வரும். பெல்ஜியம் கண்ணாடியில் நேரடியாக ஸ்பிரே அடித்தால் ஓரத்தில் இறங்கி ரசம் கறுக்கும். துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் போகும். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து, பிறகு வாருங்கள்.

லாபம் கல்யாண வேலையில் இல்லை, மாதக் காவலில்தான். மாதம் ஒருமுறை திறந்து, ஜன்னல் தள்ளி, கரையான் பார்த்து, வெளியூர்க்காரர்களுக்குப் படம் அனுப்புகிற வேலைக்கு வருடப் பணமாகவே தருகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளையும் வளவில் (உள்முற்றத்தில்) தண்ணீர் இறங்கும் குழாய்களையும் பார்ப்பதைத் தனி வேலையாக விலை போடுங்கள். நாட்டு ஓட்டில் ஏறத் தெரிந்த ஆள் வேறு, கூலி வேறு. கம்பெனி வாடிக்கையாளர் பில் தொகையிலிருந்தே வருமான வரியை டிடிஎஸ் என்று பிடிப்பார். தனிநபர் தொழிலென்றால் 1 சதவீதம், பான் கொடுக்காவிட்டால் 20. பத்து ஆள் ஆனதும் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும், இருபதில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). ஒன்பதாவது ஆளைச் சேர்க்கும்போதே அதையும் சேர்த்து விலை சொல்லப் பழகுங்கள். நடுவருடத்தில் விலை ஏற்றினால் எல்லாப் பங்காளிகளிடமும் மறுபடி "சரி" வாங்க வேண்டியிருக்கும்.