குப்பையைத் தேடி மேற்கே

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி அரபிக் கடலுக்குப் போனாலும் சரி, கிழக்கே காவிரியோடு போய்ப் பூம்புகாரில் வங்கக் கடலைப் பார்த்தாலும் சரி, எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சுற்றுலா போய்ப் பார்க்கிற இடம்தான். இங்கே இருந்துகொண்டு கடல் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுவது என் வேலை. ஒரு சின்ன சூழல் அமைப்பில் களப்பணியாளராக இருக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் கூட்டிப் போவது, அங்கே கிடப்பதை எடுத்துப் பார்க்க வைப்பது, பார்த்ததை நோட்டில் எழுத வைப்பது, எழுதியதை யாரிடம் கொண்டுபோக வேண்டுமோ அவர்களிடம் கொண்டுபோவது, இவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் வகுப்பறையில் படம் போட்டுக் காட்டுவோம். மூக்கில் உறிஞ்சுகுழல் சிக்கிய ஆமை, வயிறு நிறைய மூடிகளோடு செத்துக் கிடக்கும் கடற்பறவை. பிள்ளைகள் அழுவார்கள். உறுதிமொழி எடுப்பார்கள். அப்புறம் இடைவேளை மணி அடிக்கும், பள்ளிக்கூடத்து வாசல் கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட்டைக் கிழித்துத் தின்றுவிட்டு அதே இடத்தில் போடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அந்த ஆமைக்கும் இந்தப் பாக்கெட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. நடுவில் இருப்பது சங்கனூர்ப் பள்ளம் (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்), நொய்யல், ஏரிகள், அணைக்கட்டுகள், காவிரி, மாயனூர் கதவணை, முக்கொம்பு. அத்தனையும் நடந்து பார்க்கக்கூடிய இடங்கள்.

அதனால் நடக்க ஆரம்பித்தோம். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. எல்லோரும் ஆற்றோடு கீழ்நோக்கித்தான் நடப்பார்கள், நாங்கள் தண்ணீருக்கு எதிராக மேற்கே பார்த்து நடக்கிறோம். கீழ்நோக்கிப் போனால் குப்பை எங்கே போகிறது என்பது தெரியும், அது பாவப்படுவதற்குத்தான் உதவும். மேல்நோக்கிப் போனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எந்தப் பள்ளம் வந்து சேருகிற இடத்தில் திடீரென்று அதிகமாகிறது, எந்தப் பாலத்துக்கு மேலே போனால் குறைந்துவிடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டுப் பக்கம் வந்ததும் தண்ணீரின் நிறமே வேறு, அதைப் பார்த்து ஒரு பையன் "இதுவும் அதே ஆறாங்க்கா?" என்று கேட்டான். நான் பேச வேண்டிய பாதிப் பேச்சை அவனே பேசிவிட்டான்.

நடைமுறை ரொம்ப எளிது. கரையில் கொஞ்ச தூரத்தை அளந்து எடுத்துக்கொள்வோம், கிடப்பதையெல்லாம் கையுறை போட்டுப் பொறுக்கி ஒரு தார்ப்பாயில் கொட்டிப் பிரிப்போம். ஊசி, கண்ணாடி, டயப்பர், நாப்கின் கண்ணில் பட்டால் பெரியவர்கள் மட்டும்தான் எடுக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிரித்த பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் படிக்கச் சொல்வேன். என்ன பொருள், என்ன விலை, எந்தத் தேதியில் பேக் செய்தது. மண்ணுக்குள் இருந்து இழுத்த ஒரு ஷாம்பு பாக்கெட்டில் எழுத்து அழியாமல் இருந்தது, அதில் இருந்த தேதி அதைக் கையில் வைத்திருந்த பெண்ணின் பிறந்த வருடத்துக்கும் முந்தியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் மக்காது என்று அவள் பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறாள், ஆனால் தன்னைவிட வயதில் மூத்த குப்பை ஒன்றை அவள் அன்றைக்குத்தான் தொட்டாள்.

அடுத்தது வாளிச் சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் தனித்தனியாக வெட்டி வாளித் தண்ணீரில் போடுவோம். பாட்டில் துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். பாட்டில் பெட் என்கிற பிளாஸ்டிக், தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்கு 1.38. மூடி வேறு வகை, அது தண்ணீரைவிட லேசு. கேரி பேக்கும் அப்படித்தான், மிதக்கும். மூடி போட்ட காலி பாட்டில் உள்ளே இருக்கிற காற்றால் மிதந்து வெகுதூரம் போகும், உடைந்தாலோ மூடி கழன்றாலோ அங்கேயே அடியில் உட்கார்ந்துவிடும். 1997இல் சார்லஸ் மூர் என்கிற அமெரிக்கக் கடலோடி ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பாய்மரக் கப்பலில் திரும்பும்போது, மற்ற மாலுமிகள் ஒதுக்குகிற வழியாகப் போய், நாள் கணக்காக நடுக்கடலில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பார்த்தார். அவர் பார்த்தது மிதந்ததை மட்டும்தானே, மூழ்கினது எங்கே என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பசிபிக்கில் மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடப்பது 1998இல் எடுத்த படத்தில் பதிவாகியிருக்கிறது, ஜப்பான் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். மிதக்கிற பையும் பாசி பிடித்து, மண் ஏறி, ஒருநாள் கீழே போய்விடும். வாளியைப் பார்த்த பிறகு இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

கங்கையில் 2019இல் நேஷனல் ஜியாகிரபிக் ஏற்பாடு செய்த பயணத்தைப் பற்றியும் சொல்வேன். அவர்களும் கடலில் ஆரம்பித்து இமயமலை நோக்கி மேலே போனார்கள். அரை லிட்டர் பாட்டில்களுக்குள் இருப்பிடம் காட்டும் கருவி வைத்து விட்டதில் ஒன்று 94 நாளில் 2,845 கிலோமீட்டர் போயிருந்தது. ஆற்றில் விட்ட பாட்டில்கள் ஒரே ஓட்டமாகப் போகாமல் நின்று நின்று, தண்ணீர் ஏறும்போது கிளம்பிப் போயிருக்கின்றன. எங்களிடம் கருவி கிடையாது, ஆற்றில் பிளாஸ்டிக்கை விடவும் மனசு வராது. அதனால் தேங்காய் மட்டையில் சுண்ணாம்பால் குறி போட்டுக் காலிங்கராயன் வாய்க்காலில் விட்டோம். பவானி கூடுதுறைப் பக்கம் தொடங்கி ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் போய் நொய்யலில் முடிகிற, 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. பிள்ளைகள் கரையோடு கத்திக்கொண்டே ஓடினார்கள். சில மட்டைகள் ஆகாயத்தாமரையில் மாட்டின, சில பாலத்துத் தூணில், மிச்சம் எல்லாம் ஒரு ஷட்டரில், அதாவது மதகுக் கதவில், போய் வரிசையாக நின்றன. அந்த ஷட்டரில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தவை பால் கவர், தெர்மாகோல், தண்ணீர் பாட்டில், செருப்பு, சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள்.

அங்கே கொக்கி போட்டு அடைப்பை இழுத்துக்கொண்டிருந்த வாய்க்கால் லஸ்கர் ஒருவர், வாய்க்காலையும் மதகையும் கவனித்துக்கொள்கிற ஊழியர், பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். "முன்னெல்லாம் வாழைச் சருகும் தென்ன மட்டையுந்தான் கண்ணு அடைக்கும், அதை இழுத்துப் போட்டா எருவுக்கு ஆகும். இப்ப இழுத்துப் போடறதை எங்கீங் கொண்டுபோய்ப் போடறது? கரையில வெச்சா காத்துக்கு மறுபடி உள்ளதான் போகுது" என்று கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார். எந்த மாதம் எந்தக் குப்பை வரும் என்று அவருக்கு அத்துப்படி. ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு என்ன வரும், கல்யாண முகூர்த்தம் தொடர்ச்சியாக இருந்தால் என்ன வரும், மஞ்சள் அறுவடை முடிந்தால் என்ன வரும் என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஆற்றில் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆராய்கிற எவரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அவரைப் பள்ளிக்கே அழைத்து வந்து பேச வைத்தோம், தலைமை ஆசிரியர் தன் நாற்காலியை அவருக்குப் போட்டார்.

திருப்பூரில் ஜம்மனைப் பள்ளத்தின் ஓரம் நடந்தபோது வேறு விதமான பாடம். அங்கே கிடைத்ததில் நிறைய மெல்லிய, பளபளப்பான கவர்கள், சிலவற்றில் வெளிநாட்டு மொழியில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது. எனக்கு என்னவென்று தெரியவில்லை. ஏழாவது படிக்கிற ஒரு பெண் சட்டென்று எடுத்து, "இது பாலிபேக்குங்க்கா, எங்கம்மா பேக்கிங் செக்‌ஷன்ல இதுலதான் பீஸ் போடுவாங்க" என்றாள். ஒரு பனியனுக்கு ஒரு கவர், மேலே சைஸ் ஸ்டிக்கர், டேக் மாட்டுகிற பிளாஸ்டிக் பின், பிறகு அட்டைப்பெட்டி என்று வரிசையாக விளக்கினாள். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று கேட்டார்கள், பலருடைய அம்மா அப்பாவும் பனியன் கம்பெனிதான். அப்புறம் பேச்சு துணிக்கே போனது. பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான், துவைக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத நூல் பிசிறு தண்ணீரோடு போகிறது என்று நான் சொன்னதும், அப்போ நாங்கள் போட்டிருக்கிற யூனிஃபார்மும் ஆற்றுக்குப் போகுதா என்று கேட்டார்கள். போகிறது என்றுதான் சொன்னேன். பிள்ளைகளிடம் இதை மென்று முழுங்கக் கூடாது. பாலிபேக் வேண்டும் என்று கேட்பது எங்கேயோ இருக்கிற வாங்குகிற கம்பெனி, அந்தப் பெண்ணின் அம்மா அதை மாற்ற முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

கூடுதுறையில் பேசுவது கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். பவானியும் காவிரியும் கூடுகிற இடம், திதி கொடுக்கவும் பரிகாரம் செய்யவும் வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், முழுகி எழுந்து உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்பாவை எரித்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் போய் உங்கள் துணி பாலியஸ்டர் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என் அப்பாவுக்கு நானும் அங்கேதான் செய்தேன். பிள்ளைகள் ஒரு யோசனை சொன்னார்கள்: படித்துறையிலேயே துணி போட ஒரு தொட்டி, அதைப் பூசாரிகளே காட்டிச் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்று. நாங்கள் பேசிய ஒரு பெரியவர் மறுக்கவில்லை, "ஆத்துல விடறதும் ஒண்ணுதான், ஆத்தங்கரையில விடறதும் ஒண்ணுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இன்னும் பலரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. தூய்மை முகாம் என்று வருவார்கள், ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவார்கள், ஒரு மணி நேரம் பொறுக்கி, மூட்டைகளோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு தனியார் நிறுவனம் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது, அள்ளிக் கட்டிய மூட்டைகள் கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் ஆற்றுக்கே போய்விட்டன. அதைப் பிள்ளைகள் மறுவாரம் வந்து பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வருவோரிடம் இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறேன், அள்ளுவதை எங்கே, எந்த வண்டியில் கொண்டுபோகிறீர்கள் என்று. பதில் இல்லையென்றால் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

ஏனென்றால் அள்ளுவதில் பாதிக்கு வாங்க ஆளே கிடையாது. பெட் பாட்டிலைப் பழைய இரும்புக்கடையில் எடுத்துக்கொள்வார்கள், அதிலிருந்து பாலியஸ்டர் நூல் எடுக்கும் ஆலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பால் கவருக்கும் விலை உண்டு. நொறுக்குத் தீனிப் பாக்கெட் மட்டும் யாருக்கும் வேண்டாம், பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் தடை வந்தது, பிறகு 'மீண்டும் மஞ்சப்பை' என்கிற அரசு இயக்கம் வந்தது, கரையில் கேரி பேக் குறையத்தான் செய்திருக்கிறது. எங்கள் தார்ப்பாயில் இன்று குவிவது ஆலையிலேயே அடைத்து வருகிற பாக்கெட். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிக்கிறவர்களுக்கும் உண்டு. பாக்கெட்டின் பின்னால் முகவரி இருக்கிறதே என்று பிள்ளைகள் அதைப் பார்த்து அஞ்சலட்டை எழுதினார்கள்: உங்கள் பாக்கெட் எங்கள் ஊர் ஆற்றில் இந்த இடத்தில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஆனாலும் எழுதுகிறோம்.

பெற்றோர் கூட்டத்தில் சில பேர் கேட்பார்கள், கங்கை மாதிரி பெரிய ஆறென்றால் சரி, நம்ம ஊர்ப் பள்ளமெல்லாம் ஒரு கணக்காங்க என்று. 2021இல் வந்த ஒரு ஆய்வின்படி ஆறுகள் கடலில் சேர்க்கும் பிளாஸ்டிக்கில் எண்பது சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது, அதில் நகரங்களின் நடுவே ஓடுகிற சின்ன ஆறுகளின் பங்குதான் பெரிது என்று அவர்களிடம் சொல்வேன். நம் நொய்யல் மாதிரிதான்.

இப்போது காலிங்கராயன் வாய்க்கால் கரையில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளோடு வேலை நடக்கிறது. வழக்கமாக ஜூன் மாதத்தில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்னால் வறண்டு கிடக்கும் வாரங்களில் உள்ளே கொட்டினதெல்லாம் முதல் தண்ணீரோடு கிளம்பிவிடும் என்று லஸ்கர் சொன்னதைக் கேட்டு, மே 1 கிராம சபையில் மனு கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். லீவுதான், ஆனாலும் வந்தார்கள். தண்ணீர் திறப்பதற்கு முன் வாய்க்காலுக்குள் கிடப்பதை அள்ளுவதென்று சபையில் தீர்மானம் எழுதினார்கள். அள்ளினதை எங்கே கொண்டுபோவது என்பது அதில் இல்லை, நான் எழுந்து கேட்டேன். ஒன்றியத்தில் பேசிச் சொல்கிறேன் என்றார் ஊராட்சிச் செயலர், எந்தப் பாலத்தடியில் எவ்வளவு கிடக்கிறது என்று வரைபடம் இருந்தால் கொண்டு வாங்க என்றும் கேட்டார். பிள்ளைகள் அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள், ஷட்டருக்கு மேற்கே இன்னும் மூன்று பாலம் பாக்கி.