மூன்று மிஷினும் அப்பத்தாவின் பானையும்

கானாடுகாத்தான் வீட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் முழுசாகத் திறக்கிறோம். திறந்து ஒட்டடை அடித்தால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். முகப்பில் விளக்குமாற்றைக் கையில் எடுத்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் நாற்பது தும்மல். இந்தப் பொங்கலுக்கும் அதே கதைதான். அப்பத்தா பானையில் ஆவி பிடிக்க நொச்சித் தழை ஒடித்துவர ஆள் அனுப்பிவிட்டு, "ஒனக்குத்தான் சீமையில மிசினு இருக்குன்னியே ஆத்தா, அத எடுத்தாரலையா?" என்று ஒரு குத்தலும் குத்தினார்.

மிஷின் இருந்தது உண்மைதான். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்த நான்கு வருஷத்தில் மூன்று விதமானவற்றை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் நாள் முழுக்க ஹீட்டர் ஓடும் அறையில் மூக்கு காய்ந்து வெடிக்கும். கூட வேலை பார்த்த பெண் ஒருத்திதான், காய்ந்த மூலிகையைத் தீப்பிடிக்காமல் சூடாக்கி அதன் ஆவியை மட்டும் இழுக்கிற மேசை வேப்பரைசரைக் காட்டினாள். அங்கே பலரும் இதைக் கஞ்சாவுக்காக வாங்குகிறார்கள் என்பதை மறைப்பானேன். எனக்கு வேண்டியிருந்தது மருந்துக் கடையில் கிடைக்கும் தைம், கெமோமில், யூகலிப்டஸ் இலை மட்டும்தான்.

முதலில் வாங்கியது பழைய சாமான் சந்தையில் கிடைத்த ஒரு மரப்பெட்டி. சூடான தட்டின் மேல் இலை நேராக உட்காரும், தோசைக்கல் மாதிரி. தோசைக்கல்லின் குணம்தான் அதற்கும். தட்டைத் தொட்ட பக்கம் கருகும், மேல் பக்கம் பச்சையாகவே கிடக்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து கிளறிவிட வேண்டும். கிளற மறந்தால் தீய்ந்த நாற்றம். மூன்றே வாரத்தில் அதை ஓரம் கட்டிவிட்டேன்.

இரண்டாவது, குழாய் வைத்தது. சூடேறும் கம்பிக்கு முன்னால் கண்ணாடிக் குடுவையில் இலை இருக்கும், ரப்பர் குழாயை வாயில் வைத்து நாமே இழுக்க வேண்டும். இதில் சூட்டைத் தருவது தட்டு இல்லை, இலைக்குள் புகுந்து போகிற சூடான காற்று. அதனால் இலை ஒரே சீராக வதங்கும். ஆனால் மிஷினில் பாதி நம் மூச்சுதான். வேகமாக இழுத்தால் காற்று சூடேற நேரமில்லாமல் வெறும் வெதுவெதுப்பு வரும். மெதுவாக, பத்து எண்ணுகிற அளவுக்கு இழுத்தால்தான் மணம் வரும். மூக்கடைத்து மூச்சு வாங்குகிறவளுக்கு இந்தப் பயிற்சி எதற்கு என்று அடிக்கடி எரிச்சல் வந்தது.

மூன்றாவதுதான் பேர்போன வோல்கனோ. டுட்லிங்கன் என்ற ஊரில் ஷ்டோர்ஸ் அண்ட் பிக்கெல் நிறுவனம் செய்வது. ஸ்டுட்கார்ட் இருக்கும் அதே மாநிலம்தான். விலையைப் பார்த்துவிட்டு வாங்கவில்லை, அந்தப் பெண்ணிடம் இரண்டு வாரம் இரவல் கேட்டேன். எரிமலைக் கூம்பு மாதிரி எஃகு உடம்பு, உள்ளே காற்றுப் பம்பு, உச்சியில் இலைக் கிண்ணம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. சுவிட்சைப் போட்டால் மொடமொடவென்று சத்தம் போட்டுக்கொண்டு பை உப்பும். பிறகு பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து நிதானமாக இழுக்கலாம். பையில் தங்குகிற நேரத்தில் ஆவி ஆறிவிடுவதால் தொண்டை எரியாது. முடிந்த பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்தேன். இலை முழுக்க ஒரே நிறம், வறுத்த கொத்தமல்லி மாதிரி. ஒரு இணுக்கு கூடக் கருகவில்லை. அந்த மரப்பெட்டியோடு மல்லுக்கட்டியவளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இதில் சூட்டை நாமே குறித்து வைக்கலாம், எல்லா வித்தியாசமும் அதில்தான். யூகலிப்டஸுக்கு 130 டிகிரி செல்சியஸ் போதும், தைமுக்கு 190 வேண்டும். தைமை ஏற்றிய முதல் நாள், பையைத் திறந்ததும் அடித்தது சின்ன வயதில் குடித்த ஓமத்தண்ணீர் வாசனை. பிறகுதான் தெரிந்தது, ஓமத்திலும் தைமிலும் இருக்கிற தைமால் என்ற வாசனைப் பொருள் ஒன்றேதான். ஜெர்மனியில் உட்கார்ந்து கண் கலங்கியதற்கு ஆவியைத்தான் காரணம் சொன்னேன்.

சரி, ஊருக்குத் திரும்பும்போது ஒன்று வாங்கி வரலாம் என்று நினைத்தவள் சட்டத்தைப் படித்தேன். நம் நாட்டில் 2019இல் வந்த மின்சிகரெட் தடைச் சட்டம், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க ஆவி உண்டாக்கும் மின்கருவி என்றுதான் மின்சிகரெட்டுக்கு விளக்கம் தருகிறது. இறக்குமதிக்கும் தடை. நொச்சி இலைக்கு என்று விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. குழாய் மிஷினை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே வந்து ஒரு குறுக்குவழி பார்த்தேன். காரைக்குடியில் வாங்கிய மின்சார சாம்பிராணித் தட்டில் ஒரு சிட்டிகை ஓமத்தைப் போட்டு வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், வைத்தேன். முதல் அரை நிமிடம் அருமையான மணம். அப்புறம் ஓமம் கறுத்துப் புகைய ஆரம்பித்தது. சூட்டை நிறுத்திப் பிடிக்க அதில் ஒன்றும் கிடையாது. சாம்பிராணிக்குப் புகைதான் வேண்டும், எனக்கு அதுதான் ஆகாது. வளவு திறந்தவெளி என்பதால் புகை மேலே போனது, இல்லாவிட்டால் அப்பத்தாவுக்கும் சேர்த்து இருமல் வந்திருக்கும்.

கடைசியில் பானைக்கே வந்தேன். உலர்ந்த இலைக்கு 130, 190 என்று ஏற்ற வேண்டியிருக்க, பானைக்கு 100 டிகிரியே எப்படிப் போதுகிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். நீராவி போகும்போது இலையின் எண்ணெயையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, தைலம் வடிப்பதும் இப்படித்தான். மிஷினுக்குக் காய்ந்த இலை வேண்டும், பானைக்குப் பச்சைத் தழை. தண்ணீர் கொதி நிலையைத் தாண்டாது என்பதால் கருகுகிற பேச்சே இல்லை. ஆனால் பானை சரிந்தால் தொடை வெந்துவிடும், அந்த ஆபத்து மிஷினில் கிடையாது. அப்பத்தா அதனால் அடுப்பிலிருந்து இறக்கியதும் பானையைத் தரையில் பிரிமணை மேல் அழுத்தி உட்காரவைப்பார், குழந்தைகளைப் பக்கத்தில் விடமாட்டார்.

போர்வைக்குள் ஐந்து நிமிடம். இடது மூக்கு முதலில் திறந்தது. ஒட்டடை அலர்ஜி இதில் தீர்ந்துவிடாது, அன்று ராத்திரி தூக்கம் வந்தது, அவ்வளவுதான். போர்வையை விலக்கியபோது அப்பத்தா முகம் துடைக்கத் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த மிசினு என்ன விலை?"

சொன்னேன். அவர் பதில் பேசாமல், பானையில் மிச்சமிருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு கால் கழுவப் போய்விட்டார்.