தடைக்காலப் பயிற்சியும் ஜூலை மாத மேசையும்

எங்கள் கரையில் நண்டுக் கம்பெனிப் பயிற்சி என்றால் அது பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் நண்டு வரத்து குறைவு. ஆட்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லத் தோதான காலம். கடைசி நாளில் ஒரு தாள் நீட்டுவோம்: பயிற்சி எப்படி? எல்லோரும் 'மிக நன்று' என்று டிக் அடிப்பார்கள். டீயும் வடையும் கொடுத்தவனை யார் குறை சொல்வார்கள்?

தரக்கட்டுப்பாட்டில் இருப்பதால் அந்தத் தாள்களைத் தொகுப்பது என் தலையில் விழும். அமெரிக்கப் பயிற்சி ஆய்வாளர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. நம் அலுவலகங்கள் இன்னும் முதல் படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது படியைப் பார்க்க வேண்டுமானால் தடை முடிந்து வரத்து குவியும் நாளில் சதை உரிக்கும் மேசைக்குப் போக வேண்டும்.

அப்படிப் போனேன். உரித்த சதை உடனுக்குடன் ஐஸுக்குப் போக வேண்டும் என்பது பாடம். மேசையிலோ கிண்ணங்கள் நிரம்பிக் கிடந்தன. வெப்பமானியைச் செருகினால், 4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டியது பத்தைத் தாண்டி நின்றது. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். பாடத்தை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார். பிறகு, "தம்பி, கூலி கிலோ கணக்கு. ஐஸ் பெட்டி அந்த மூலையில் இருக்கிறது. நான் எழுந்து போய்வரும் நேரத்துக்கு யார் கூலி தருவார்கள்?" என்றார்.

கற்க வேண்டியது பாக்கி இருந்தது கம்பெனிக்குத்தான். ஐஸ் பெட்டியை மேசைகளுக்கு நடுவே நகர்த்தினோம். கிண்ணங்களை எடுத்துப்போக ஓர் ஆளைப் போட்டோம். மறுபடி வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. வெப்பமானி இறங்கியது.

சொன்னால் நடக்கிறது என்று தெரிந்ததும் பெண்கள் மற்றதையும் சொல்லத் தொடங்கினார்கள். சதையில் ஓட்டுத் துணுக்கு, மழுங்கிய கத்தி, நண்டு சரியாக வேகாத கூடை என்று குறைப் பதிவேடு நிரம்பியது. மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது: "பயிற்சிக்குப் பிறகு குறை கூடியிருக்கிறதே!" நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் சொன்னேன். நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்லப் பயமில்லை என்பதே எட்மண்ட்சன் கண்ட காரணம். மேலாளர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஆண்டறிக்கையில் 'குறைகள் குறைந்தன' என்று ஒரு வரி வேண்டும் என்கிறார்.

அந்த வரியை நான் எழுதவில்லை. எண்ணிக்கையை உள்ளபடியே வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த பயிற்சியின் மதிப்பீட்டை ஜூலையில், மேசையருகே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.