14 நாள் காகிதம்

2023 மாசி மாதம். இரவு ஷிப்ட் முடிந்து பேஸ்மென்ற் கதவைத் திறக்க, காலடியில் ஒரு காகிதம். மேலே இருக்கிற வீட்டுக்காரர் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டிருந்தார். தலைப்பில் என்4 என்றிருந்தது. வாடகை நிலுவைக்காக வீட்டைவிட்டு எழும்பச் சொல்கிற நோட்டீஸ் அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு விளங்கியது '14 நாள்' மட்டும்தான். அப்போதே சூட்கேசை இழுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினேன்.

குளிர்காலத்தில் ஏஜென்சிக்காரர் ஷிப்டைக் குறைத்ததில் இரண்டு மாத வாடகை நிலுவை. வீட்டுக்காரர் எங்கட ஊர்ப்பக்கத்து ஆள், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

கூட வேலைசெய்த அக்காவிடம் பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்னேன். "உது வெறும் நோட்டீஸ் தம்பி. உம்மை எழுப்பிறதெண்டா வாடகை வழக்கு விசாரிக்கிற போர்ட் ஓடர் போடவேணும், பிறகு அந்த ஓடரை நிறைவேற்றுற அதிகாரி, ஷெரிப், வரவேணும். அண்ணை தானாப் பூட்டு மாத்தேலாது" என்றார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நோட்டீசில் கொடுத்த நாளுக்குள் நிலுவையைக் கட்டினால் அந்த நோட்டீஸ் செல்லாது. கட்டாவிட்டால் அவர் போர்டில் வழக்குப் போடலாம். போட்டார்.

ரொறொன்ரோ மாநகரசபையின் பணத்தில், வாடகை நிலுவையில் விழுந்தவர்களுக்கு உதவுகிற ரென்ற் பாங்க் ஒன்று இயங்குகிறது, இலவச சட்ட கிளினிக்குகளும் இருக்கின்றன என்று அக்கா அன்றைக்கே சொன்னார். நான் போகவில்லை. வெட்கம்தான். வட்டிக்குக் காசெடுத்து வெளிநாடு வந்தவன், இங்கே தருமக்காசுக்குக் கையேந்துவதா? கதை ஊருக்குப் போனால்? மாதாமாதம் புது வாடகையை மட்டும் கட்டிக்கொண்டு, பழையதை யாருக்கும் சொல்லாமல் காவித்திரிந்தேன். போர்டில் வழக்குகள் குவிந்திருந்ததால் விசாரணைத் தேதி வரப் பல மாதமானது. கடிதம் வந்த பிறகுதான் ரென்ற் பாங்குக்கு விண்ணப்பித்தேன். முன்பு அது வட்டியில்லாக் கடனாம், இப்போது திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி. காசு நம் கைக்கு வராது, நேரே வீட்டுக்காரருக்குப் போகும்.

விசாரணை சூமில். சோற்றுச் சட்டியில் போனைச் சாய்த்துவைத்து, வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்தேன். திரை நிறையப் பெயர்கள், எல்லாம் என்னைப்போல வழக்குகள். டியூட்டி கவுன்சில், அதாவது விசாரணையன்று உதவுகிற வழக்கறிஞர், வேண்டுமா என்று கேட்டார்கள். காசு கேட்பார்களோ என்று யோசித்துத்தான் ஓம் என்றேன். கேட்கவில்லை, சட்ட உதவி நிதியில் வருகிறவர்கள். தனி அறையில் ஒரு பெண் வழக்கறிஞர் வந்து, "அந்தக் காகிதத்தைக் கமராவுக்குக் காட்டுங்கள்" என்றார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்தத் தொகையில் காஸ் பில் சேர்ந்திருக்கிறதா?" என்றார். சேர்ந்திருந்தது. வாடகை அல்லாத காசை என்4இல் கேட்க முடியாதாம், வழக்கே தள்ளுபடியாகலாமாம். ஆனால் வீட்டுக்காரர் திரும்பப் போடுவார் என்றும் சொன்னார். அதைக் காட்டியே பேசி, மாத முடிவுக்குள் நிலுவை கட்டப்பட்டால் வழக்கு முடிந்தது என்று எழுதி வாங்கித் தந்தார். எல்லாம் இருபது நிமிடம். அந்தக் காஸ் பில் பிழையை நான் ஏழு ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

2019இல் மாகாண அரசு இதே சட்ட உதவிப் பணத்தில் 133 மில்லியன் டொலரை, ஏறக்குறைய 30 சதவீதத்தை, ஒரே வெட்டாக வெட்டியது. நான் வந்த புதிது. வரிப்பணம் மிச்சம், நல்ல காரியம் என்று பார்ட்டி ஒன்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

ரென்ற் பாங்க் காசு கெடுவுக்கு நாலு நாள் முன்னம் போய்ச் சேர்ந்தது. அடுத்த முதலாம் தேதி வாடகையோடு மேலே போய், "அண்ணை, ரசீது ஒண்டு தாங்கோ" என்றேன். கேட்டால் தரவேண்டும் என்பதும் சட்டம்தான். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தமிழ்க்கடை நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.